சூசைராஜும் ஒரு டர்போவும்

கோயம்புத்தூர்ப் பட்டறையில் மெக்கானிக் சூசைராஜுக்கு டர்போ என்று பெயர். வேகத்துக்காக வைத்த பெயர் இல்லை. எது சொன்னாலும் அவன் மண்டைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரமாகும்.

மில்லுக்கும் பட்டறைக்கும் முதலாளியான கனகசபை தன் பந்தயக் காரின் கதவை அறைந்து சாத்தினார். "ஆக்சிலேட்டரை மிதிச்சா, யோசிச்சுட்டுத்தான் கிளம்புது. சாயங்காலம் பந்தயம். அதுக்குள்ள சரியாகலைன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதே."

சூசைராஜ் காரைப் பார்த்தான். உறவுக்காரனைப் பார்ப்பது போலிருந்தது.

"இன்ஜின் புகை வந்து டர்போவைச் சுத்தி விட்டாத்தானுங்க வேகம் வரும். நானும் அப்படித்தான். ஏழு மணிக்கு நான் எந்திரிக்கணும்னா எங்க வீட்டுக்காரி ஆறரைக்கே கத்த ஆரம்பிச்சிருவா. நீங்களும் கொடி இறங்குறதுக்கு முன்னாடியே இடது காலால பிரேக்கை அமுக்கிக்கிட்டு, வலது காலால ஆக்சிலேட்டரைக் கொடுங்க. டர்போ முழிச்சுக்கும். கொடி இறங்குனதும் பிரேக்கை விட்டாப் போதும்."

முதலாளி நம்பாமல்தான் செய்து பார்த்தார். கார் பாய்ந்த பாய்ச்சலில் அவர் தொப்பி பின் சீட்டுக்குப் போனது.

திரும்பி வந்ததும் கத்தினார். "இதுக்காகப் போன மாசம் புது டர்போவே மாத்துனேனேடா. அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

பட்டறையே காத்திருந்தது.

"அப்பவே சொல்ல ஆரம்பிச்சிட்டேனுங்க," என்றான் சூசைராஜ். "இப்பத்தான் வாய்க்கு வந்து சேந்துச்சு."