தலைவரின் பொன்னாடை

எங்கள் பேரூராட்சித் தலைவர் தணிகாசலம் ஏசியை உச்சத்தில் வைத்துவிட்டு, விழாவில் வாங்கிய பொன்னாடையைக் குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்காருவார். பசுமைப் பேரூராட்சி விருதுக்கு அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது.

காவலாளி மாரப்பனைக் கூப்பிட்டார். "ஒரு வாரத்துல கரண்டுச் செலவு பாதியாகோணும். இல்லீன்னா உனக்கு வேலை இல்லை."

மறுநாள் தலைவரின் அறை பூட்டியிருந்தது. மேசை முற்றத்து வேப்பமரத்தடியில் கிடந்தது.

"என்னடா இது?"

"பாதிக் கரண்டு உங்க ரூமுக்குத்தானுங்க போகுது."

விருது ஆசையில் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்தார்.

அதிகாரி வந்து, மரத்தடி மேசையைப் பார்த்து மகிழ்ந்தார். "யாரோட யோசனை?"

"என்னோடதுதான்" என்று தலைவர் முந்தினார்.

"அப்படியே தொடருங்க. வருஷா வருஷம் வந்து பார்ப்பேன்."

அதிகாரி போனதும் மாரப்பன் பொன்னாடையை மடித்தார். "இனி இது வேண்டியிருக்காதுங்களே?"