வெட்டிவேர் மணந்த குடம்

ஒரு காட்டில், மரங்களைவிடக் கூரைகள் அதிகமாகிவிட்ட ஒரு பக்கத்தில், விலங்குகள் கூடிக் கட்டிய நகரம் ஒன்று இருந்தது. அதன் பெயர் கற்பாடி. அதை ஒட்டி நெளியாறு ஓடியது. கற்பாடியில் எல்லோரும் குடித்தது அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான்.

நகரத்தின் தலைவர் ஒரு கடமான். பெயர் நெடுங்கொம்பர். அவருடைய கொம்புகள் அவ்வளவு பெரியவை. அவற்றின் கம்பீரம் குறையக்கூடாது என்பதற்காக அவர் தலையைக் குனிவதே இல்லை. வானத்தைப் பார்ப்பார், கூரைகளைப் பார்ப்பார், மேடைத் தோரணங்களைப் பார்ப்பார். தரையை மட்டும் பார்க்க மாட்டார். குழந்தைகளே, இப்படிப்பட்டவரிடம்தான் தரையைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள்.

அவர் போட்ட முதல் உத்தரவே நகரம் முழுவதும் கல் பாவ வேண்டும் என்பது. சேறு இருக்கக்கூடாது. புல் முளைக்கக்கூடாது. மழை பெய்தால் தண்ணீர் ஒரு நொடியும் நிற்காமல் கல்வாய்க்கால் வழியாக ஆற்றுக்கு ஓடிவிட வேண்டும். அப்படியே செய்தார்கள். மழை விட்டதும் சந்தைத் திடல் கழுவிவைத்த தட்டு மாதிரி இருக்கும். "பார்த்தீர்களா, எவ்வளவு சுத்தம்" என்பார் தலைவர், மேகத்தைப் பார்த்தபடி.

சுத்தமாகத்தான் இருந்தது. திடலில் கிடந்த சாணம், அழுகிய பலாச்சுளை, கரடியின் செக்கடியில் சிந்திய இலுப்பை எண்ணெய், வண்டி அச்சிலிருந்து வழிந்த மை எல்லாம் எங்கே போயின என்று ஒருவரும் கேட்கவில்லை.

அது நீர்நாய் சுழலிக்குத் தெரியும். எல்லாம் அவள் வீட்டுக்குத்தான் வந்தன. ஆண்டின் முதல் மழையன்று நெளியாறு கறுத்து, நுரைத்து, எண்ணெய் மினுங்க ஓடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சுழலியின் இரண்டு குட்டிகளும் கண் எரிச்சலில் கரையேறி அழும்.

நல்ல தண்ணீர் மிஞ்சியிருந்தது ஒரே இடத்தில். சந்தைத் திடலின் மேற்கு மூலைக்குக் கீழே ஆற்றங்கரையில் ஒரு சிறு மடு உண்டு. அதில் விரல் பருமனுக்கு ஓர் ஊற்று கசிந்து விழும். மழைக் காலம் முழுவதும் சுழலி தன் குட்டிகளை அங்கேதான் வைத்துக் காப்பாற்றினாள். பிழைத்த மீன்களும் அங்கேதான் ஒதுங்கின.

அந்த ஊற்று எப்படி வந்தது தெரியுமா? மேலே, திடலின் மேற்கு மூலையில், கிளறி என்ற காட்டுப்பன்றியின் வீடு இருந்தது. மண்ணைத் தோண்டுவதும் சொன்னதையே சொல்வதும் அவள் குணம். கல் பாவ வந்தவர்களைத் தன் வாசலில் கால் வைக்க விடவில்லை. அங்கே நீளமாக ஒரு குழி வெட்டினாள். அடியில் கூழாங்கல், அதன்மேல் மணல், அதன்மேல் மண் போட்டாள். வெட்டிவேரும் கோரையும் நட்டாள். மண்புழுக்கள் அழைக்காமலே வந்தன. திடலில் பெய்யும் மழையில் பாதி கிழக்கே கல்வாய்க்காலுக்கு ஓடும். மீதிப் பாதி மேற்கே சரிந்து கிளறியின் குழிக்குள் விழும். விழும்போது அது அழுக்குத் தண்ணீர். வேரும் மண்ணும் மணலும் அதைப் பிடித்து வைத்து, அழுக்கை வாங்கிக்கொண்டு, மெதுவாகக் கீழே அனுப்பும். கரையில் ஊற்றாக வெளியே வரும்போது அது தெளிந்த தண்ணீர்.

தலைவருக்கு இந்தக் குழி ஆகவே ஆகாது. அவர் அதைப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டதுதான். பளபளக்கும் திடலின் ஓரத்தில் ஒரு பன்றிக் குழியா என்று கேட்டார். கொசு வரும் என்றார். மறுநாள் உச்சிவேளைக்குள் குழி வடிந்துவிடுகிறது, கொசு இட்ட முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் வேண்டும் என்று கிளறி எழுதிக் கொடுத்தாள். ஒன்றல்ல, ஏழு மனு. ஏழும் தேவாங்குகளின் ஆய்வுக் குழுவுக்குப் போயின. தேவாங்குகள் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதே வேகத்தில்தான் அவை படிக்கவும் செய்தன. பிறகு கிளறி திடலின் நடுவே உண்ணாவிரதம் இருந்தாள். பன்றி பட்டினி கிடப்பது சின்ன விஷயம் இல்லை. மூன்று நாள் இருந்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கடலை தின்றுகொண்டு பார்த்தார்கள்.

கடைசியில் உத்தரவு வந்தது. புதுவெள்ளத் திருநாளுக்கு மறுநாள் குழியை மூடிக் கல் பாவ வேண்டும். அதற்கான கற்களைக் கொண்டுவந்து கிளறியின் வாசலிலேயே அடுக்கினார்கள்.

சுழலி அந்தக் கற்களைப் பார்த்தாள். குழியை மூடினால் ஊற்று நிற்கும். ஊற்று நின்றால் மடுவும் மற்ற ஆற்றைப் போலவே ஆகிவிடும். குட்டிகளோடு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது புதுவெள்ளத் திருநாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்டின் முதல் மழை பெய்ததும் கற்பாடி முழுவதும் ஆற்றுப் படித்துறையில் கூடும். புது வெள்ளத்தில் ஒரு குடம் மொண்டு தலைவரிடம் கொடுப்பார்கள். அவர் குடித்துவிட்டு, "ஆறு நலம்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் குடிப்பார்கள். இது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆற்றைக் கெடுத்தால் முதலில் தலைவர் வயிறுதான் வலிக்கும் அல்லவா?

ஆனால் கல் பாவிய நாளிலிருந்து நெடுங்கொம்பர் ஆற்றைக் குடித்ததே இல்லை. அவருடைய காரியதரிசி நரி நயவன். யாருக்கும் தெரியாமல் அவன் மலைச்சுனைக்குப் போய்க் குடத்தை நிரப்பிக்கொண்டு வருவான். தலைவர் அதைக் குடித்து "ஆறு நலம்" என்பார். ஊர் ஆற்றைக் குடித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும். "தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லையே. நம் வயிறுதான் சரியில்லை" என்று முள்ளம்பன்றி சொல்லும். எல்லோரும் ஆமாம் என்பார்கள். மூன்று ஆண்டு இப்படியே போயிற்று.

நான்காம் ஆண்டு முதல் மழை நல்ல பகலில் பிடித்தது. நயவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். குறுக்குவழி எங்கே என்று தேடுவது நயவனின் குணம். மலைப்பாதை வழுக்கியது. சுனை வெகு தூரம். வால் வேறு நனைந்துவிட்டது. நகரத்தின் எல்லைகூடத் தாண்டவில்லை, ஆற்றங்கரைப் புதருக்குப் பின்னால் தெளிந்த ஊற்று ஒன்று கசிவதைப் பார்த்தான். முகர்ந்தான். நக்கினான். நன்றாகவே இருந்தது. குடத்தை அதிலேயே நிரப்பினான். சுனைக்குப் போய்வரும் நேரம் கழியட்டும் என்று புதரடியில் படுத்துக் கொஞ்சம் தூங்கவும் செய்தான்.

மடுவுக்குள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த சுழலி இதை எல்லாம் பார்த்தாள். நேராகக் கிளறியிடம் போய்ச் சொன்னாள்.

கிளறிக்குக் கோபத்தில் பிடரி மயிர் நின்றது. "இப்போதே மேடை ஏறுகிறேன். தலைவருக்கு மட்டும் ஏன் வயிறு வலிப்பதில்லை என்று இப்போதுதான் புரிகிறது. மூன்று வருஷமாக ஊரை ஏமாற்றியிருக்கிறார்கள். உரித்துக் காட்டுகிறேன்" என்றாள்.

"அக்கா, நீங்கள் ஏழு மனு கொடுத்தீர்கள். யார் கேட்டார்கள்?" என்றாள் சுழலி. "நீங்கள் சொன்னால் நயவன் இல்லை என்பான். பன்றிக்கு வேறு வேலை இல்லை என்பார்கள். அதைத் தலைவர் வாயாலேயே சொல்ல வைப்போம். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். மரியாதையாகக் கேட்க வேண்டும். முடியுமா?"

"அதுதான் கஷ்டம்" என்றாள் கிளறி. ஆனாலும் போனாள்.

படித்துறையில் கூட்டம் நெரிந்தது. மத்தளம் அடித்தார்கள். பின்னால் கல்வாய்க்கால் இரைந்தபடி ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நுரையை யாரும் பார்க்காதபடி வாழைமரம் கட்டி மறைத்திருந்தார்கள். நயவன் குடத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, தலைவர் குனியத் தேவையில்லாத உயரத்துக்குத் தூக்கிக் கொடுத்தான்.

நெடுங்கொம்பர் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். "ஆறு நலம்" என்றார்.

கூட்டம் ஆரவாரம் செய்வதற்குள் கிளறி முன்னே வந்து வணங்கினாள். பன்றி வணங்கியதைக் கண்டு மத்தளம்கூட நின்றுவிட்டது.

"தலைவர் ஐயா, நாங்கள் பாமரர்கள். குடித்தால் எங்களுக்குத் தாகம் தீரும், அவ்வளவுதான். ருசி பார்த்துச் சொல்லத் தெரியாது. தங்களைப் போன்றவர்கள் இந்தத் தண்ணீரைப் பற்றி நாலு வார்த்தை விவரமாகச் சொன்னால் ஊர் கேட்டுத் தெரிந்துகொள்ளும்."

நாலு வார்த்தை பேசச் சொன்னால் தலைவர் நானூறு பேசுவார். இன்னொரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினார். குளிர்ச்சி என்றார். தெளிவு என்றார். தம் ஆட்சியைப் போலவே கசடில்லாதது என்றார். "எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வாசம் இருக்கிறது. என்ன வாசம் என்று யோசித்தேன். வெட்டிவேர். ஆமாம், சந்தேகமே இல்லை. இந்த ஆறே வெட்டிவேர் மணக்கிறது" என்று முடித்தார்.

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

கரடி தலையைச் சொறிந்தது. கரையில் முன்பு வெட்டிவேர் இருந்ததாம். கல் பாவியபோது தானே அதைப் பிடுங்கிப் போட்டதாம். அப்படியிருக்க ஆற்றில் எப்படி மணக்கும் என்று பக்கத்தில் இருந்த முள்ளம்பன்றியிடம் கேட்டது.

"நம் நகரத்தில் வெட்டிவேர் இருப்பது ஒரே இடத்தில்தான்" என்றது முள்ளம்பன்றி மெதுவாக. "கிளறி அக்காவின் குழியில்."

நயவன் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். அவன் கால்களில் ஊற்றடிச் சேறு இன்னும் காயவில்லை. மலைச்சுனைத் தண்ணீர் என்றும் சொல்ல முடியாது, ஆற்றுத் தண்ணீர் என்றும் சொல்ல முடியாது. வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு எந்தப் பக்கமும் குறுக்குவழி கிடைக்கவில்லை.

அப்போது சுழலி ஒரு தேங்காய்ச் சிரட்டையை வாயில் கவ்விக்கொண்டு படியேறி வந்தாள். வாழைமரத்துக்குப் பின்னால், கல்வாய்க்கால் கொட்டும் இடத்தில் மொண்ட தண்ணீர் அது. கறுப்பாக இருந்தது. மேலே எண்ணெய் மிதந்தது.

"ஐயா, இதுவும் இன்றைய மழைதான்" என்றாள். "அதே திடலில் விழுந்ததுதான். அது குழி வழியாக வந்தது. இது உங்கள் வாய்க்கால் வழியாக வந்தது. இதையும் ஒரு வாய் குடித்துவிட்டு, ஆறு நலம் என்று சொல்லுங்கள். நான் என் குட்டிகளோடு நிம்மதியாகத் தூங்குவேன்."

தலைவர் சிரட்டையை வாங்கவில்லை.

"மூணு வருஷமாக நாங்கள் குடித்தது இதையா?" என்று கரடி கேட்டது. அது கோபப்படவில்லை. சும்மா கேட்டது. அதுதான் தலைவருக்குத் தாங்கவில்லை.

பதில் தேடி வானத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கூரைகளைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கடைசியில் தலையைக் குனிந்தார். பிறந்ததிலிருந்து பார்க்காத தரையை நெடுங்கொம்பர் அன்று பார்த்தார். தம் குளம்பைச் சுற்றி எண்ணெயும் சாணமும் பலாத்தோலும் சலசலவென்று ஆற்றை நோக்கி ஓடுவதைப் பார்த்தார். அதில் கொஞ்சம் சாணம் அவருடையது.

"அந்தக் கற்கள்..." என்று தொடங்கினார்.

அவர் முடிக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. கிளறியின் வாசலில் அடுக்கியிருந்த கற்களைக் கரடி தூக்கி அப்பால் போட்டது. பிறகு அதற்கு உற்சாகம் வந்து, தன் செக்கடியில் பாவியிருந்த கல்லையும் பெயர்த்தது. முள்ளம்பன்றி தன் வாசலைப் பெயர்த்தது. அன்று மாலைக்குள் கற்பாடியில் தெருவுக்கு ஒரு குழி வந்துவிட்டது. எங்கே எவ்வளவு ஆழம், எத்தனை கூடை மணல் என்று கிளறி சுற்றிச் சுற்றி வந்து கத்தினாள். உண்ணாவிரதத்தை வேடிக்கை பார்த்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே தோண்டும் வேலை கொடுத்தாள்.

தேவாங்குகளின் குழு தன் அறிக்கையை அடுத்த ஆண்டு சமர்ப்பித்தது. குழி வெட்டுவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. அப்போது குழிகளில் வெட்டிவேர் கரடியின் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது.

அந்த ஆண்டுத் திருநாளில் குடம் கிடையாது என்று ஊர் தீர்மானம் போட்டது. தலைவர் படியிறங்கி, ஆற்றில் வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும். நெடுங்கொம்பர் இறங்கினார். முழங்காலை மடக்கிக் குனிந்தார். பெரிய கொம்புகள் தண்ணீரில் பட்டன. மீன்கள் விலகி ஓடின. இங்கே நல்ல கிளையாக ஒன்று மிதக்கிறதே என்று நினைத்துச் சுழலியின் இரண்டு குட்டிகளும் அதன்மேல் ஏறி உட்கார்ந்து மீன் தின்னத் தொடங்கின.

தலைவர் குடித்து முடித்துவிட்டார். ஆனால் தலையை நிமிர்த்தினால் குட்டிகள் விழுந்துவிடுமே. அவை சாப்பிட்டு முடிக்கும்வரை குனிந்தபடியே, ஆற்றைப் பார்த்தபடியே இருந்தார்.

"ஆறு நலம்" என்றார் தண்ணீருக்குள்ளிருந்து. குமிழி குமிழியாக வந்தது அது.

நீதி: வாசலிலிருந்து விரட்டிய அழுக்கு, நாம் குடிக்கும் ஆற்றில் போய்க் காத்திருக்கும்; மழையை மண்ணில் இறக்கி அனுப்புகிறவரே ஆற்றைக் காப்பவர்.