வேங்கை மரத்து வண்டு கறுத்த கதை

அந்தக் காலத்தில், வண்டும் மனிதரும் ஒரே பேச்சில் சண்டை போட்டுக்கொள்ள முடிந்த காலத்தில், இன்று நாம் பார்க்கும் கருவண்டு கறுப்பாக இல்லை. வேங்கைப் பூவின் மஞ்சள்தான் அதன் நிறம். மரத்தைத் துளைக்கவும் அதற்குத் தெரியாது. பூவைக் கிள்ளும் அளவுக்குத்தான் வாயில் பலம். முதிர்ந்த வேங்கை மரங்களில் தானாக விழுந்த பொந்துகளுக்குள் முட்டையிட்டு, பக்கத்தில் மகரந்தத்தை உருட்டி வைத்து, பிள்ளைகளை வளர்த்துவந்தது.

அந்த வேங்கை மரங்களுக்குக் கீழே, மலைச்சரிவில் செங்காயியின் வீடு இருந்தது. வீட்டில் அவளும் புருஷன் குருந்தனும் கொழுந்தன் சடையனும்தான். சரிவில் அவர்களே வாற்கோதுமை விதைத்து, அதிலிருந்து சாராயம் வடித்தார்கள். தானியத்தை ஊறவைத்து முளைகட்டுவது, உலர்த்துவது, இடித்துப் புளிக்கவைப்பது எல்லாம் செங்காயி. செம்புப் பானையில் ஏற்றிக் காய்ச்சுவது அண்ணனும் தம்பியும். வேறு வீட்டுத் தானியம் ஒரு பிடிகூட அதில் சேராது. அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தும் சாராயம் தொண்டையை அறுத்தது. குடித்தவர்கள் கண்ணில் நீர் வர இருமிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

ஒரு நாள் வெறுத்துப்போய்ப் பானையோடு தூக்கிவந்து வேங்கை மரத்தடியில் கொட்டப் போனாள் செங்காயி.

"ஏன் கொட்டுறே?" என்று பொந்திலிருந்து எட்டிப் பார்த்தது ஒரு தாய் வண்டு.

"பின்னே? மனுசன் குடிக்கிற மாதிரியா இருக்கு இது?"

"எங்க பொந்துல மழைத் தண்ணி தேங்கினா, கொஞ்ச நாள்ல நிறமும் ருசியும் மாறிடும். மரம் தன்கிட்ட இருக்கறதைக் குடுக்கும். இதையும் மரத்துக்குள்ள ஊத்தி வச்சுப் பாரேன்."

"மரத்துக்கு நான் எங்கே போவேன்?"

"போன காத்துல விழுந்த கிளையெல்லாம் கிடக்கே, எடுத்துக்கோ. விழுந்தது உனக்கு. நிக்கிறது எங்க வீடு. அதுல கோடாலி படக் கூடாது."

"படாது. எங்க வீட்டு ஆளுங்க கோடாலி எதுவும் படாது. இது என் சத்தியம்" என்றாள் செங்காயி.

விழுந்த கிளைகளை அறுத்துப் பலகையாக்கி, வளைத்துக் கட்டி, குருந்தன் ஒரு பீப்பாய் செய்தான். சாராயத்தை அதில் ஊற்றி அடைத்தார்கள். வெயில் வந்தது, மழை வந்தது, மறுபடி வெயில் வந்தது. செங்காயி யாரையும் தொடவிடவில்லை. கடைசியில் ஒரு அறுப்பு முடிந்து திறந்தபோது, சாராயம் தேன் நிறத்தில் இருந்தது. நாக்கில் வைத்தால் முதலில் சுட்டது, பிறகு இனித்தது. செங்காயி முதல் கிண்ணத்தைக் கொண்டுபோய் வேங்கையின் வேரில் ஊற்றிவிட்டு வந்தாள்.

அதன்பிறகு காற்றில் விழுந்த கிளைகளையெல்லாம் பீப்பாயாக்கி, வருசா வருசம் நிரப்பி வைத்தார்கள். பேர் பரவியது. அடிவாரத்து அரண்மனை வரை போனது. அரண்மனை ஆள் வந்து, இளவரசி கல்யாணத்துக்கு ஊரே நனையும்படி சாராயம் வேண்டும் என்றான். கொடுத்தால் அடிவாரத்து வயல் முழுவதும் உங்களுக்கு என்றான். அப்போது செங்காயி வீட்டில் இல்லை. தங்கையின் பிரசவத்துக்காகப் பக்கத்து மலைக்குப் போயிருந்தாள்.

திரும்பி வருகிறபோது, சரிவு ஏறும் முன்பே அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வானம் அளவுக்கு அதிகமாகத் தெரிந்தது. இன்னும் மேலே ஏறினால் பாதையில் சிவப்பாக ஒழுகிக் கிடந்தது. வேங்கையை வெட்டினால் ரத்தம்போலத்தான் பால் வடியும். மரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை.

வாசலில் குருந்தனும் சடையனும் பெரிய அடிமரம் ஒன்றைத் துண்டாக அறுத்து நிமிர்த்தியிருந்தார்கள். உள்ளே பொந்து. வண்டுகள் மேலே கூட்டமாகச் சுற்றிக் கதறிக்கொண்டிருந்தன.

"என்ன காரியம் பண்ணிவச்சிருக்கீங்க?" என்று செங்காயி மூட்டையைக் கீழே போட்டாள்.

"கத்தாதே. பலகை அறுத்து வளைக்கிறதுக்கு நேரமில்லை. பொந்து இருக்கற மரமா இருந்தா ரெண்டு பக்கமும் அடைச்சாலே பீப்பாய்" என்றான் குருந்தன்.

"நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்!"

"பூச்சிகிட்ட பண்ணின சத்தியம் தானே மதினி" என்று சிரித்தான் சடையன். பொந்தைத் தீயால் சுட்டுச் சுத்தம் செய்ய அவன் சாராயத்தை உள்ளே வீசி ஊற்றினான். கையில் கொள்ளிக்கட்டை இருந்தது.

தாய் வண்டு அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றது. "உள்ளே எங்க பிள்ளைங்க இருக்காங்க. இன்னும் இறக்கை முளைக்கலை. எடுத்துக்கறோம், கொஞ்சம் பொறு!"

"சடையா, கையை எடு!" என்று செங்காயி பாய்ந்து ஓடினாள். அவள் கை அவன் தோளைத் தொடும் முன்பே கொள்ளி உள்ளே விழுந்துவிட்டது.

சாராயத்தில் பிடித்த தீ நீலமாக எழும்பியது. வண்டுகள் ஒன்றும் யோசிக்கவில்லை. அத்தனையும் அந்த நீலத்துக்குள் பாய்ந்தன. உள்ளே போனவை எத்தனையோ, வெளியே வந்தவை கொஞ்சம். வந்தவற்றின் வாயில் பிள்ளைகள் இல்லை. உடம்பெல்லாம் கரியேறிக் கறுத்திருந்தது. இறக்கையில் ஒட்டிக்கொண்ட அந்த நீலம் போகவே இல்லை.

பிறகு குருந்தன், "சரி, ஆனது ஆச்சு. தண்ணி எடுத்துட்டு வா" என்றான்.

செங்காயி உள்ளே போனாள். தண்ணீர் எடுத்து வரவில்லை. பலகையில் ஓட்டை போடும் துறப்பணத்தை எடுத்துக்கொண்டு, சாராயம் ஊறும் அறைக்குள் நுழைந்தாள். முதல் பீப்பாயின் அடிவயிற்றில் வைத்துச் சுழற்றினாள். தேன் நிறத்தில் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அடுத்த பீப்பாய்க்குப் போனாள்.

"ஐயோ, எத்தனை வருசத்துச் சரக்குடி! பைத்தியமா உனக்கு?" என்று குருந்தன் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"கிட்ட வராதே!" துறப்பணத்தை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். அதுவரை அவனை அவள் ஒருமையில் பேசியதே இல்லை. "இந்தச் சாராயத்துல பாதி நான் முளைகட்டின தானியம், மீதி அதுங்க காட்டிக்குடுத்த மரம். உன்னுது இதுல என்னடா இருக்கு? அடுப்பு எரிச்சே, அவ்வளவுதான். இன்னிக்கும் அதையேதான் பண்ணியிருக்கே!"

ஒரு பீப்பாயையும் விடவில்லை அவள். சாராயம் வாசலைத் தாண்டி, சரிவில் இறங்கி, வெட்டிய மரங்களின் சிவப்போடு கலந்து ஓடியது.

கறுத்துப்போன தாய் வண்டு அவள் முன்னால் வந்தது. அழவில்லை.

"எங்களுக்கு இனி பொந்து உள்ள மரம் இல்லை. எங்க வாய்க்குப் பலமும் இல்லை."

செங்காயி துறப்பணத்தைக் கல்லில் ஓங்கி அடித்து நொறுக்கினாள். "ஆளுக்கு ஒரு சில்லு எடுத்து வாயில வச்சுக்கோங்க. மனுசன் வெட்டி வச்ச மரம் எங்கே இருந்தாலும் துளைங்க. தூண், உத்தரம், ஏர், எதையும் பாக்காதீங்க."

"உன் வீட்டையுமா?"

"என் வீட்டைத்தான் முதல்ல."

வண்டுகள் இரும்புச் சில்லுகளைக் கவ்விக்கொண்டு பறந்தன. அரண்மனைக்குச் சாராயம் போகவில்லை, வயலும் வரவில்லை. சடையன் புதிதாகக் கட்டிய குடிசையின் உத்தரம் இரண்டாம் மழையில் முறிந்து விழுந்தது. குருந்தன் ஒரு நாள் வேலித் தூணைத் துளைத்துக்கொண்டிருந்த தாய் வண்டின் முன்னால் போய் நின்று, "தெரியாமப் பண்ணிட்டேன், விட்டுடு" என்று கும்பிட்டான். வண்டு அவன் கண்ணுக்கு நேரே அந்தரத்தில் நின்று உறுமியது. மனிதரோடு பேசுவதை அது அதோடு நிறுத்திவிட்டது. செங்காயி தன் கூரையிலிருந்து மரத்தூள் மடியில் உதிர்ந்தபோதெல்லாம் அதைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். ஒரு ஓட்டையைக்கூட அவள் அடைக்கவில்லை.

அன்று முதல்தான் கருவண்டு உடம்பெல்லாம் கரியாக, இறக்கை மட்டும் நீலமாக மின்ன அலைகிறது. அன்று முதல்தான் நாம் வெட்டி வைத்த மரம் எதைக் கண்டாலும் துறப்பணம் போட்டதுபோல வட்டமாகத் துளைக்கிறது. விரட்டப் போனால் ஓடாமல், முகத்துக்கு நேரே வந்து நின்று உறுமுகிறது.