கொண்டல் யார் பெயரில் இருக்கிறது?

"டீச்சர், பிரிஸ்கா மாட்டேன்னு சொல்லிட்டா."

கஸ்பார் வாசற்படி ஏறும்போதே இதைச் சொல்லிவிட்டார்.

ஜெனோவா டீச்சர் கணினித் திரையிலிருந்து திரும்பினார்.

"எதுக்கு மாட்டேன்னா?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இருவரில் கஸ்பார்தான் வயதில் மூத்தவர். ஆனால் அவருக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தது ஜெனோவா. அதனால் அவர் இவரை டீச்சர் என்பார், இவர் அவரை அண்ணே என்பார். தூத்துக்குடியில் யாருக்கும் இதில் குழப்பம் இல்லை.

கஸ்பார் தொடங்கிய மென்பொருளின் பெயர் கொண்டல். இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா, வேண்டாமா என்று படகுக்காரர்களுக்குச் சொல்லும். வாடை, சோழகம், கச்சான் என்று அவர்கள் வாயில் வரும் பெயரிலேயே காற்றைச் சொல்லும்.

அதன் நிரல் திறந்த நிரல். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதியது. எழுதிய வரி எழுதியவருக்கே சொந்தம் என்பது முதலிலிருந்தே ஏற்பாடு.

அப்படியிருக்க, ஒரு பெரிய கம்பெனி கொண்டலை அப்படியே எடுத்து, தன் சின்னத்தைப் போட்டு, படகுக்காரர்களிடமே விற்க ஆரம்பித்தது.

"உரிமத்தை மாத்தப்போறேன் டீச்சர். இனிமே எவனும் சும்மா அள்ளிட்டுப் போகக் கூடாது. அதுக்கு எல்லாரும் அவங்கவங்க எழுதினதை என் பேருக்கு எழுதிக் கொடுக்கணும். ஒப்பந்தம் அனுப்பினேன். பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுட்டாங்க. ராமேஸ்வரத்துப் பிரிஸ்காதான் மாட்டேங்கா."

"அவ எதை எழுதினா?"

"காத்துக்குப் பேர் சொல்லுத பகுதி."

"அதைத் தூக்கிட்டு நீங்களே புதுசா எழுதுங்களேன்."

"எழுதிப் பாத்தேன்."

"என்னாச்சு?"

"அவ எழுதினது மாதிரியே வருது."

டீச்சர் சிரித்துவிட்டார். கஸ்பார் சிரிக்கவில்லை.

"நான் உரிமத்தை மாத்தினா, பழைய நகலை எடுத்துத் தனியா நடத்துவாளாம். இன்னும் நாலு பேரு அவ பக்கம்."

"நடத்தட்டுமே. உங்க உரிமமே அதுக்கு இடம் கொடுக்கே."

"கொண்டல் ரெண்டாப் போயிரும் டீச்சர். ஒண்ணு போலாம்ங்கும், ஒண்ணு போகாதேங்கும். படகுல ஏறுதவன் எதைக் கேப்பான்?"

டீச்சரின் சிரிப்பு நின்றது.

"ஏன் மாட்டேங்கான்னு கேட்டியளா?"

"நான் ஏன் கேக்கணும்? கொண்டலுக்குப் பேரு வச்சவன் நான்."

டீச்சர் தன் நாற்காலியைக் கஸ்பார் பக்கம் இழுத்துப் போட்டார்.

"சரி. எல்லாரையும் நான் சம்மதிக்க வைக்கேன்."

கஸ்பாரின் முகம் மலர்ந்தது.

"ஆனா ஒரு ஆள் பேருக்குத்தான் வரணும்னா, என் பேருக்கு வரட்டும். எனக்குப் படகும் இல்ல, கம்பெனியும் இல்ல. மொதல்ல நீங்க எழுதிக் கொடுங்க."

"தாராளமா! உங்களை நம்பாம யாரை நம்பப்போறேன்?"

டீச்சர் அந்த ஒப்பந்தத்தைத் திறந்தார். பெறுபவர் என்ற இடத்தில் கஸ்பாரின் பெயரை அழித்துத் தன் பெயரை இட்டார். கொடுப்பவர் என்ற இடத்தில் கஸ்பார். மடிக்கணினியை அவர் பக்கம் தள்ளினார்.

கஸ்பார் படித்தார். அவரே எழுதியதுதான்.

'கொடுப்பவர் தன் உரிமை முழுவதையும் ஒப்படைக்கிறார். பெறுபவர் அதை எந்த உரிமத்தின் கீழும் வெளியிடலாம்.'

விரல் விசைக்கு மேலேயே நின்றது.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"ம்."

"நீங்க இதை அந்தக் கம்பெனிக்கே கொடுத்துட்டா?"

"கொடுக்க மாட்டேன்."

"தெரியும். சும்மா கேட்டேன்."

விரல் இன்னும் இறங்கவில்லை.

"உங்களுக்கு அப்புறம் இது உங்க வீட்டுக்காரர் கைக்குத்தானே போகும்?"

"அவருக்கு ஒரு மெயில் அனுப்பத் தெரியாது அண்ணே."

"அதான் பயமா இருக்கு."

"பயமா இருந்தா நிபந்தனை போட்டுக்கோங்க. நீங்க என்ன எழுதினாலும் நான் ஒத்துக்கிடுதேன்."

கஸ்பார் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். தட்ட ஆரம்பித்தார்.

கொண்டல் என்றைக்கும் திறந்த நிரலாகவே இருக்க வேண்டும்.

உரிமத்தை மாற்றுவதென்றால் எழுதியவர்களைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று யோசித்தார். 'கேட்டு' என்பதை அழித்து, 'எழுத்தில் சம்மதம் பெற்று' என்று போட்டார்.

மீறினால், அவரவர் உரிமை அவரவருக்கே திரும்பிவிடும்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். 'பெறுபவரின் வாரிசுகளும்'னு சேத்துக்கிடுதேன்."

"சேருங்க."

"வித்தாலும் சரி, தானமாக் கொடுத்தாலும் சரி, இதே நிபந்தனைதான்னும் போடுதேன்."

"போடுங்க. என்னைக் கையையும் காலையும் சேத்துக் கட்டிட்டிய."

"எனக்கு உங்க மேல சந்தேகம் இல்ல டீச்சர்."

"அது தெரியுது."

கஸ்பார் முழுவதையும் இன்னொரு தடவை படித்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்பக் கண்ணை மூடிட்டுப் போடுவேன்!"

"கொஞ்சம் பொறுங்க."

டீச்சர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். நிபந்தனைகளில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. பெறுபவர் என்ற இடத்தில் தன் பெயரை அழித்தார். கஸ்பார் என்று தட்டினார். கொடுப்பவர் என்ற இடத்தில் பிரிஸ்கா என்று தட்டினார்.

திருப்பிக் காட்டினார்.

கஸ்பார் மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடி மேலே போனார்.

"டீச்சர், இதுல யாரையும் கேக்காம என்னால ஒண்ணுமே செய்ய முடியாதே."

"ஆமாண்ணே. அனுப்புங்க."

கஸ்பார் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார்.

பிரிஸ்காவுக்கு அனுப்பினார்.

ராமேஸ்வரத்திலிருந்து பதில் வர அதிக நேரம் ஆகவில்லை.

'கையெழுத்துப் போட்டுட்டேன் அண்ணே. கம்பெனிக்காரனை என்ன செய்யலாம்னு எல்லாரும் உக்காந்து பேசுவோம். அதுசரி, இந்த நிபந்தனையெல்லாம் யாரு எழுதினது?'

கஸ்பார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தன் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

'கையெழுத்துப் போடப் பயந்த ஒருத்தன்' என்று பதில் அனுப்பினார்.