நூற்று அறுபத்து நான்கு பொய்மீன்கள்

"எதை வச்சுக்கிடணும், எதை விடணும்? அதை மட்டும் சொல்லிருங்க. நான் போயிருதேன்."

சொல்லிவிட்டு ஆவுடையப்பன் தம் மூன்றடுக்குப் பெட்டியை மதகுச் சுவரில் வைத்தார்.

ரெமிஜியா திரும்பவில்லை. அவள் கண் தண்ணீரில் இருந்தது.

உப்பளங்களுக்குக் கடல் தண்ணீர் கொண்டுபோகிற வாய்க்கால் அது. காலை ஏழு மணி. பின்னால் உப்புக் குவியல்கள் வெயிலுக்கு முன்பே கண்ணைக் கூசவைத்தன. சுற்றிலும் ஆள் கிடையாது.

ஆவுடையப்பனுக்கு அறுபத்திரண்டு வயது. துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவர். மேலே கண்ணாடிக் கூண்டில் ஒற்றை ஆள். கீழே எல்லாரும் எறும்பு. ஓய்வு பெற்றுக் கீழே இறங்கினால், எறும்புகளில் ஒன்றுக்கும் அவரைத் தெரியவில்லை. தெரிந்திருந்த ஒருத்தி, மனைவி, அடுத்த வருஷமே போய்விட்டாள்.

ரெமிஜியாவுக்கு நாற்பத்தாறு. பல் விழுந்த கிழவர்கள் உட்பட ஊருக்கே ரெமி அக்கா. வாரத்தில் நாலு நாள் இந்த மதகிலிருந்து கொடுவா மீன் பிடித்துப் போவாள். தன்னை யாராவது குரு என்றால் சிரித்திருப்பாள். அதற்கும் நேரம் இருந்தால். வீட்டில் பதினோரு பேர், கக்கூஸ் ஒன்று.

பெட்டியைத் திறந்து காட்டினார். ரப்பர், பிளாஸ்டிக், தகரம் என்று நூற்று அறுபத்து நான்கு பொய்மீன்கள். கடைக்காரர்கள் லூர் என்பார்கள். பச்சை, வெள்ளி, புள்ளி போட்டது, வாலாட்டுவது, கண் முழிப்பது.

அவள் இப்போது திரும்பினாள்.

"இதென்ன அண்ணாச்சி, நகைக்கடையா?"

"ரெண்டு வருஷமா வாங்குனது."

"எத்தனை கொடுவா?"

அவர் மேல் தட்டை மூடித் திறந்தார்.

"ஒண்ணு கூடயா?"

"அதுக்குத்தான் வந்தேன்."

அவர் சொன்ன விஷயம் இவ்வளவுதான். மகன் கோயம்புத்தூரில். அங்கே ஒரு முதியோர் இல்லம் பார்த்துவைத்திருக்கிறான். நல்ல இல்லம்தான், தோட்டமெல்லாம் உண்டு. ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு அலமாரி. விண்ணப்பத்தை இவருக்கு அனுப்பியும் விட்டான். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"எனக்கு இங்க மீன் பிடிக்கது இருக்கேடா" என்றார் ஆவுடையப்பன் போனில்.

"ரெண்டு வருஷத்துல எத்தனை மீன்ப்பா?" என்றான் மகன்.

ஆவுடையப்பன் போனை வைத்துவிட்டார்.

"ஒரே ஒரு மீனு" என்றார் ரெமிஜியாவிடம். "போட்டோ எடுத்து அனுப்பிட்டேன்னா அவன் விட்டிருவான். நீங்க எத்தனை வச்சிருக்கீங்க?"

அவள் இடுப்பிலிருந்து ஒரு இருமல் மாத்திரை டப்பாவை எடுத்தாள். உள்ளே மூன்று கிடந்தன. பெயிண்ட் உரிந்து, பல் பட்டுக் கீறி, பார்க்கவே பாவமாக.

"இது மிதக்கும். இது நடுவுல நீந்தும். இது அடியில போய் உக்காரும்."

"நாலாவதா ஒண்ணு வேண்டாமா?"

"தண்ணிக்கு நாலாவது இடம் எங்க இருக்கு?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். மேல், நடு, அடி. நியாயமாகத்தான் இருந்தது. ரெண்டு வருஷம் இதை ஒருத்தரும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

"அப்பம் என் பெட்டியில எந்த மூணு?"

"முதல்ல எறிங்க. பாக்கேன்."

எறிந்தார். நாலு தரம் எறிந்தார், பச்சையை அவிழ்த்து வெள்ளியைக் கட்டினார். மூன்று தரம் எறிந்தார், வெள்ளியை அவிழ்த்துப் புள்ளிக்காரனைக் கட்டினார். மூக்குக் கண்ணாடி மாட்டி, நூலை நக்கி, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து, மறுபடி கண்ணாடியைக் கழற்றி. வெயில் ஏறியது.

"அண்ணாச்சி, மீன் எங்க இருக்கு?"

"தண்ணிக்குள்ள."

"இவ்வளவு நேரமும் உங்க பொய்மீன் எங்க இருந்துச்சு?"

அவர் கையைப் பார்த்தார். புள்ளிக்காரன் உள்ளங்கையில் கிடந்து அவரையே முழித்துப் பார்த்தது.

"வீட்டுக்குப் போங்க" என்றாள். "எல்லாத்தையும் மேசையில கொட்டுங்க. ஒவ்வொண்ணா எடுத்து, இதை எதுக்கு வாங்குனோம்னு நெனைச்சுப் பாருங்க. மீனுக்காக வாங்குனது ஒரு பக்கம். மத்தது ஒரு பக்கம்."

"மத்ததுன்னா?"

"எனக்கென்ன தெரியும்? உங்க பெட்டி."

*

மறுநாள் அவர் பெட்டியோடு வந்து நின்றார்.

"பிரிச்சீங்களா?"

"பிரிச்சேன்."

"மீன் பக்கம் எத்தனை?"

"முதல்ல கடையில போய் வாங்குனது ரெண்டு."

ரெமிஜியா தூண்டிலைச் சுவரில் சாய்த்தாள்.

"மிச்சம்?"

சொல்ல வெட்கமாக இருந்தது அவருக்கு. உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எங்க வீட்டுப் பெல்லு குருவி மாதிரி கத்தும். அவ வாங்கி மாட்டுனது. அவ போன பொறவு அது கத்தவே இல்ல. யார் வாரா? ஒருநாள் போன்ல ஒரு பொய்மீன் ஆர்டர் போட்டேன். கூரியர்காரர் வந்தாரு, இசக்கின்னு பேரு. பெல் அடிச்சாரு. கேட்டுக்கு வெளியவே நின்னு, 'சார், கையெழுத்து' ன்னாரு. போட்டேன். 'இன்னைக்கு வெயில் சாஸ்தி சார்' னாரு. ஆமான்னேன்."

"பொறவு?"

"அடுத்த வாரம் இன்னொண்ணு போட்டேன்."

"மொத்தமா ஒரே பார்சலா வாங்கலாம்லா? கொண்டுவார கூலியாவது மிஞ்சும்."

"வாங்கலாம்."

"ஆனா நீங்க வாங்கல."

"ஒரே தடவைல வந்திருமே" என்றார் ஆவுடையப்பன்.

கடல் ஏற்றத் தண்ணீர் மதகுக்குள் நுழைகிற சத்தம் கேட்டது. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். அவள் சிரிக்கவில்லை. பெட்டியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, டப்பாவிலிருந்து நடுவில் நீந்துகிறதை எடுத்து நீட்டினாள்.

"கட்டுங்க. எறிங்க."

எறிந்தார்.

"ரெண்டு சுத்து சுத்துங்க. நிறுத்துங்க."

சுற்றினார். நிறுத்தினார். உடனே கைப்பிடியை மறுபடி சுற்றி நூலை இழுத்தார்.

"நிறுத்துங்கன்னு சொன்னேன்."

"நிறுத்துனேனே."

"இதுவா? கொட்டாவி விடக்கூட நேரம் பத்தாது. கொடுவா ஓடுறதைத் துரத்திக்கிட்டு வராது. மதகுத் தூணுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருக்கும். நீங்க நிறுத்துன பொறவுதான் வந்து கடிக்கும். திரும்ப எறிங்க."

எறிந்தார். இரண்டு சுற்று. நிறுத்தினார். இறுக்கமாக இருந்த நூல் தளர்ந்து தண்ணீரில் படுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கை தானாகச் சுழன்றுவிட்டது.

"என்ன அண்ணாச்சி, கையில சாவி கொடுத்து விட்டிருக்கா?"

"முடியலம்மா."

"ஏன்?"

"சுத்தும்போது நூல்ல ஒரு இழுவை இருக்கு. நிறுத்துனா தொங்கிப் போகுது. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லாத மாதிரி."

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் ரெமிஜியா.

பெட்டியை மூடிக் கொக்கி போட்டாள்.

"இது என் கிட்ட இருக்கட்டும். பத்து நாள் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் ஒண்ணும் வாங்கப்பிடாது."

"மாசக் கடைசி வருதே. அந்தக் கையெழுத்து..."

"அதுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்குல்லா?"

"பத்து நாளும் நான் என்ன செய்ய?"

அவள் தூண்டிலை எடுத்துத் தண்ணீருக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் பதினோரு பேர் பேசுவதைக் கேட்டுவிட்டு வருகிறவள். அதற்குமேல் ஒருவர் பேச அவளிடம் இடமில்லை.

*

முதல் நாள் வீட்டைப் பெருக்கினார். இரண்டாம் நாள் பெருக்கிய வீட்டைப் பெருக்கினார்.

மூன்றாம் நாள் விண்ணப்பத்தைப் படித்தார். பெயர், வயது, இரத்த வகை, சர்க்கரை உண்டா, அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும். மகன் எல்லாவற்றையும் நிரப்பியிருந்தான். அழகான கையெழுத்து அவனுக்கு. கடைசியில் 'விண்ணப்பதாரர் கையொப்பம்' என்று ஒரு கட்டம் மட்டும் காலி.

நான்காம் நாள் காலை குருவி கத்தியது. வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கதவைத் திறந்தார்.

கேட்டின்மேல் ஒரு நிஜக் குருவி உட்கார்ந்திருந்தது.

அதோடு கொஞ்ச நேரம் கோபமாக இருந்தார்.

ஏழாம் நாள் தமக்குத் தாமே சத்தமாக, "இன்னைக்கு வெயில் சாஸ்தி" என்றார். யாரும் ஆமாம் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் போனை எடுத்தார். நீலத்தில் ஒன்று புதுசாக வந்திருந்தது. முதுகில் வெள்ளிக் கோடு. விரல் அதன்மேல் நின்றது. ஒரு அழுத்து. நாளை மறுநாள் பெல் அடிக்கும்.

போனைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் குப்புறப் போட்டு மூடினார்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்தார். மின்விசிறி சுற்றியது. வீடு தொங்கிப் போய்க் கிடந்தது.

மூன்று மணிக்குக் குருவி கத்தியது.

அவர் எழுந்திருக்கவில்லை. ஒருமுறை ஏமாந்தது போதும்.

மறுபடி கத்தியது. மறுபடி. அப்புறம் யாரோ கேட்டைத் தட்டினார்கள்.

"சார்! சார்!"

கேட்டுக்கு வெளியே இசக்கி நின்றார். ஐம்பது வயது மனிதர், தலையில் ஹெல்மெட்டோடு. கையில் ஒன்றுமில்லை.

ஆவுடையப்பன் வழக்கம்போல் கையெழுத்துப் போடக் கையை நீட்டினார்.

"பார்சல் இல்ல சார்."

"பின்ன?"

"ஒம்பது நாளா உங்க பேருக்கு ஒண்ணுமே வரல. தெரு வழியா போகையில எல்லாம் ஒரு மாதிரி இருந்துச்சு. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு..." ஹெல்மெட்டைக் கழற்றினார். இரண்டு வருஷத்தில் அவர் தலையை ஆவுடையப்பன் பார்த்ததில்லை. முழு வழுக்கை. "மூணு தடவை அடிச்சேன். நீங்க வரலியா, பயந்துட்டேன்."

"குருவின்னு நெனச்சேன்."

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. உள்ள வாங்க."

இசக்கி உள்ளே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து பாதி குடித்தார். சுவரையெல்லாம் பார்த்தார்.

"இவ்வளவு தூண்டில் சாமான் வாங்குதீங்க, பிடிச்ச மீன் போட்டோ ஒண்ணு கூட மாட்டலியே சார்?"

"பிடிச்சாத்தான?"

"ஒண்ணு கூடயா?"

"ஒண்ணு கூட இல்ல."

இசக்கி சிரிக்கக்கூடாது என்று பார்த்தார்; முடியவில்லை. மிச்சத்தைக் குடித்துக்கொண்டிருந்தவருக்குத் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. அதைப் பார்த்து ஆவுடையப்பனும் சிரித்துவிட்டார். சிரித்த சத்தம் எங்கோ போய் முட்டித் திரும்பி வந்தது. வீடு இவ்வளவு பெரிது என்று அப்போதுதான் தெரிந்தது.

எழுந்து போகும்போது இசக்கி பேனாவை எடுத்தார்.

"என் நம்பர் வச்சுக்கிடுங்க சார். பார்சல் இல்லைன்னாலும் கூப்பிடலாம். எழுத ஒரு தாள் கொடுங்க."

ஆவுடையப்பன் தேடுவதற்குள் மேசைமேல் கிடந்த தாளை அவரே இழுத்தார். எங்கே கையெழுத்து வாங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். காலியாக இருந்த ஒரே கட்டத்தில் பத்து எண்களையும் பெரிதாக, கொட்டை எழுத்தில், கட்டத்துக்கு வெளியேயும் வழிகிற மாதிரி எழுதினார். கீழே, இசக்கி.

"ஐயோ, முக்கியமான தாளா சார்?"

ஆவுடையப்பன் தாளை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா" என்றார்.

நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

*

பதினோராம் நாள் காலை மதகுக்கு வந்தார். ரெமிஜியா தன் இடத்தில் இருந்தாள். பெட்டி பக்கத்தில் இருந்தது.

"பெல் அடிச்சுது" என்றார்.

"ஒண்ணும் வாங்கப்பிடாதுன்னு சொன்னேனே."

"வாங்கல."

"பின்ன என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. கையை வீசிக்கிட்டு வந்தாரு."

ரெமிஜியா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினாள். நூற்று அறுபத்து நான்கும் வெயிலில் மின்னின.

"சரி, எடுங்க. எந்த மூணு?"

ஆவுடையப்பன் பெட்டியைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவள் கொடுத்த பழைய பொய்மீன் அவர் நூலிலேயே இன்னும் தொங்கியது. எறிந்தார். தூணுக்கு அந்தப் பக்கம், நிழலில் விழுந்தது. இரண்டு சுற்று. நிறுத்தினார்.

நூல் தளர்ந்து தண்ணீரில் படுத்தது.

உப்பளத்தில் காற்றுக்கூட இல்லை. கை அசையவில்லை.

"மீன் கிடைக்கலைன்னா மகன் கிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் ரெமிஜியா.

அவர் கண் நூலில் இருந்தது.

"அண்ணாச்சி, உங்களைத்தான் கேக்கேன்."

"கொஞ்ச நேரம் சும்மா இரு, ரெமி அக்கா" என்றார் ஆவுடையப்பன்.