சீனியாரிட்டிப்படி ஒரு வலைத்தளம்

தென்காசிப் பக்கம், வயல் முடிந்து மலை ஆரம்பிக்கிற இடத்தில் கரட்டுமலைப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. நிஜமாகவே இருந்ததா என்று கேட்டால் சொல்வது கஷ்டம். அங்கே சம்பளம் வாங்கியவர்களுக்கே அந்தச் சந்தேகம் அவ்வப்போது வந்ததுண்டு.

அங்கே எல்லாமே சீனியாரிட்டிப்படி நடக்கும். நாற்காலி போடுவது சீனியாரிட்டிப்படி. மழை வந்தால் கூரைக்குள் ஒதுங்குவதும் அப்படியே. துணைவேந்தர் கொட்டாவி விட்ட பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். டீயும் அவரிடம் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லி, கடைசி ஆளிடம் வந்து சேரும்போது ஆடை கட்டி ஜில்லென்று இருக்கும். அந்தக் கடைசி ஆள் பேராசிரியர் சடகோபன்.

சடகோபன் தருக்கவியல் துறைத் தலைவர். எதையும் சரியாக யோசிப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கிற படிப்பு அது. துறையில் அவரைத் தவிர யாரும் கிடையாது. அவரே லீவு கேட்பார், அவரே மறுத்துவிடுவார். போன வருஷம் ஒரு மாணவன்கூடச் சேரவில்லை. ஆனாலும் மனுஷன் தினமும் வகுப்புக்குப் போய், காலி பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வருவார். பெஞ்சுகளுக்குச் சந்தேகம் எதுவும் இருந்ததில்லை. அது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் துணைவேந்தர் அறிவுடைநம்பி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சடகோபன், ஜூன் மாசம் முடியுறதுக்குள்ள உங்க துறைக்கு ஒரு பிள்ளையாவது சேரணும். இல்லேன்னா துறையை மூடிட்டு உங்களை ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பொறுப்பாப் போட்டிருவேன்."

பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் சடகோபனுக்குச் சாம்பார் எது ரசம் எது என்று தெரியாது. அதைவிட, நாளைக்குத் தன் பெஞ்சுகளுக்கு யார் பாடம் எடுப்பார்கள் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இப்பல்லாம் பிள்ளைங்க வெப்சைட்டைப் பாத்துத்தான் சேருதாங்களாம்," என்றார் துணைவேந்தர். "நம்ம வெப்சைட் பழசு. ஒரு குழு போட்டிருக்கேன். புதுசாப் பண்ணுங்க."

குழுவில் நாலு பேர். பதிவாளர் தனஞ்செழியன், தாவரவியல் பேராசிரியை மங்களேஸ்வரி, விளையாட்டுத் துறை டேவிட் துரைசிங்கம், கடைசியாக நம் சடகோபன். தளத்தைச் செய்துகொடுக்க மதுரையில் நஸ்ரீன் என்று ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தார்கள். அவள் போனிலேயே யோசனை சொல்லுவாள். பாவம், கெட்டிக்காரப் பெண். அவளுக்கு இவர்களைத் தெரியாது.

"முதல்ல இப்ப இருக்கிற தளத்துக்கு யார் யார் வர்றாங்கன்னு பாருங்க சார்," என்றாள் அவள்.

குழு உடனே வேலையில் இறங்கியது. கம்ப்யூட்டரை மேஜை நடுவில் வைத்து, பழைய தளத்தைத் திறந்து, நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து காலையிலிருந்து பார்த்தார்கள். யாரும் வரவில்லை. டேவிட் துரைசிங்கம் எழுந்து கம்ப்யூட்டருக்குப் பின்பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அந்தப் பக்கமும் ஆள் இல்ல சார்."

"நாம நாலு பேர் இப்பிடி முறைச்சுப் பாத்தா எந்தப் பிள்ளை வரும்?" என்றார் மங்களேஸ்வரி. "கூச்சமா இருக்காதா?"

இதில் நியாயம் இருப்பதாகப் பதிவாளருக்குப் பட்டது. நாலு பேரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாவித் துவாரம் வழியாக, சீனியாரிட்டிப்படி, ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்தார்கள். சடகோபனின் முறை வந்தபோது உள்ளே இருட்டிவிட்டிருந்தது. யாரும் வரவில்லை என்று நஸ்ரீனுக்குத் தகவல் சொல்லப்பட்டது.

"சரி சார்," என்றாள் நஸ்ரீன். "சேர வர்ற பிள்ளை இடத்துல நின்னு யோசிச்சுப் பாருங்க. அவங்களுக்கு என்ன வேணும்னு தெரியும்."

சேர வருகிற பிள்ளை எங்கே நிற்கும்? பின்கேட்டில், பஸ் ஸ்டாப்பில். குழு அங்கே போய் வெயிலில் நின்று யோசித்தது. மங்களேஸ்வரிக்கு மோர் வேண்டும் என்று தோன்றியது. டேவிட் துரைசிங்கத்துக்கும் மோர்தான் தோன்றியது. பதிவாளர் ஆழமாக யோசித்துக்கொண்டிருந்தபோது பஸ் வந்து நின்றதால் பழக்கதோஷத்தில் ஏறிவிட்டார். அவர் சங்கரன்கோவில் வரைக்கும் யோசித்துவிட்டுச் சாயங்காலம்தான் திரும்பினார்.

பிறகு முகப்புப் பக்கத்தில் யார் யாரைப் போடுவது என்ற பேச்சு வந்தது. எல்லாரும் முகப்பில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். உள்பக்கங்களுக்குப் போக ஒருவரும் சம்மதிக்கவில்லை. ரொம்ப வருஷமாக உழைக்கிற ஜெனரேட்டருக்கும் ஒரு இடம் கேட்டார்கள். ஆகவே ஒரே பக்கம், எல்லாரும் அதில், சீனியாரிட்டிப்படி என்று முடிவானது. உச்சியில் துணைவேந்தர், அடுத்தது பழைய துணைவேந்தர்கள், பதிவாளர், ஜெனரேட்டர், அப்புறம் துறைகள்.

"விண்ணப்பிக்கிற பட்டனை எங்க வைக்க?" என்று கேட்டார் பதிவாளர்.

அப்போதுதான் சடகோபன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டத்தில் பேச எழுந்தார். "இது தருக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் சார். சேந்தவங்க சீனியர். சேராதவங்க இன்னும் சேரவே இல்ல, அதனால அவங்களைவிட ஜூனியர் உலகத்துலயே கிடையாது. பட்டன் சேராதவங்களுக்கு உள்ளது. ஆகவே பட்டன் எல்லாருக்கும் கடைசி."

எல்லாரும் கை தட்டினார்கள். தன் துறை கவிழ்கிற குழியைத் தானே அளந்து தோண்டினோம் என்பது சடகோபனுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஆறிப்போன டீகூட அவருக்கு இனித்தது.

நஸ்ரீன்தான் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சார், இவ்வளவு நீளம் இருந்தா ஒருத்தரும் கீழ வரைக்கும் வர மாட்டாங்க. நம்பலைன்னா பிரிண்ட் எடுத்துப் பாருங்க, எவ்வளவு நீளம்னு தெரியும். அப்புறம் இன்னொண்ணு, எந்தப் பட்டனைத் தட்டினாலும் ஏதாவது நடக்கணும். ஒண்ணும் நடக்கலைன்னா பிள்ளைங்க போயிடுவாங்க."

சிவகாசியில் கொடுத்து, காலண்டர் தாளில், நல்ல பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். துணைவேந்தர் அறை வாசலில் ஒட்ட ஆரம்பித்தார்கள். தாள் வராந்தாவைத் தாண்டி, படி இறங்கி, நூலகத்தைச் சுற்றி, காம்பவுண்டுச் சுவர் நெடுகப் போய், பின்கேட்டில் முடிந்தது. கடைசியில் தருக்கவியல். அதற்கும் அந்தப் பக்கம், கதவு அகலத்துக்கு ஒரு பச்சைப் பட்டன். அதில் "விண்ணப்பிக்க" என்று எழுதியிருந்தது.

துணைவேந்தர் வந்து பார்த்தார். முதலில் கம்ப்யூட்டரில் பார்த்தார், முகம் சுருங்கியது. "இது என்னய்யா, கீழ போகப் போக நான் மேல போய் மறைஞ்சிருதேன்? ஜெனரேட்டர் வரும்போது நான் ஆளே இல்ல."

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு சுவரில் பார்த்தார். சுவரில் யார் எங்கே நடந்துபோனாலும் துணைவேந்தர் தன் இடத்தை விட்டு நகரவில்லை.

"இதுதான் தளம்," என்றார் துணைவேந்தர். "கம்ப்யூட்டர்ல உள்ளதை எடுத்துருங்க." அங்கேயே ரிப்பனும் வெட்டினார்.

நஸ்ரீன் போன் செய்தாள். "புதுத் தளத்தை ஏத்திரலாமா சார்?"

"நீங்க சிரமப்பட வேண்டாம்மா," என்றார் பதிவாளர். "நாங்க ஒட்டிட்டோம்."

தட்டினால் ஏதாவது நடக்க வேண்டும் என்று அவள் சொன்னதை மட்டும் குழு மறக்கவில்லை. ஒவ்வொரு பட்டனுக்குப் பக்கத்திலும் ஒரு ஸ்டூல் போட்டு ஆள் உட்கார்ந்தது. விளையாட்டு என்று தட்டினால் டேவிட் துரைசிங்கம் ஒரு பந்தை எறிவார். தாவரவியலைத் தட்டினால் மங்களேஸ்வரி ஒரு வேப்பிலை தருவார். தன் படத்தைத் தட்டினால் பதிவாளர், "சாப்பாட்டு நேரம், அப்புறம் வாங்க" என்பார். கடைசி ஸ்டூலில், உச்சி வெயிலில், மடியில் விண்ணப்பத்தோடு சடகோபன்.

முன்கேட்டில் வந்தவர்களை வாட்ச்மேன் துணைவேந்தர் படத்தில் தொடங்கச் சொன்னார். சிலர் தொடங்கினார்கள். பழைய துணைவேந்தர்கள் வருவதற்குள் கால் மாற்றி நின்றார்கள். பதிவாளரிடம் வந்து, சாப்பாட்டு நேரம் என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒருத்தன் மட்டும் விளையாட்டு வரை வந்தான், மூக்கில் பந்து பட்டதும் ஓடிவிட்டான். பின்கேட்டு வரை யாரும் வரவில்லை. சடகோபன் தினமும் சாயங்காலம் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். மெஸ் சாவி அவர் பெயரில் தயாராகிவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் மாதத்தின் கடைசி நாளும் வந்தது. மத்தியானம் பின்கேட்டில் ஒரு பஸ் நின்றது. ஒரு பெண் இறங்கினாள். பெயர் இசக்கிப்ரியா, சுரண்டைக்காரி. நேரே சடகோபனிடம் வந்தாள்.

"சார், ஒரு வாரமா உங்க வெப்சைட்டைப் போன்ல தேடுதேன். ஒண்ணுமே வரல. அதான் நேர்லயே கேட்டிரலாம்னு வந்தேன். விண்ணப்பம் எங்கன போடணும்?"

சடகோபன் கையை நீட்டிப் பட்டனைக் காட்டினார். இசக்கிப்ரியா திரும்பிப் பார்த்தாள். கதவு அகலப் பட்டன். தட்டப் போனாள்.

"இரு தாயி," என்று கத்தினார் சடகோபன். "அப்பிடித் தட்டக் கூடாது. முன்கேட்டுக்குப் போயி, துணைவேந்தர்ல ஆரம்பிச்சு, வரிசையா வரணும். அதுதான் முறை."

"இம்புட்டுத் தூரமா? அடுத்த பஸ்ல நான் ஊருக்குப் போயிருதேன் சார்."

சடகோபனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு பக்கம் சீனியாரிட்டி. இன்னொரு பக்கம் சாம்பாரா ரசமா என்று தெரியாத ஒரு அண்டா. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு யோசித்தார். சேராதவர்கள் இன்னும் சேரவில்லை. சேராதவர்களுக்குப் பல்கலைக்கழக விதி கிடையாது. ஆகவே சேருகிற வரைக்கும் இந்தப் பெண் எங்கே வேண்டுமானாலும் தட்டலாம். இத்தனை வருஷத்தில் அவருடைய தருக்கம் யாருக்காவது உபயோகப்பட்டது அன்றைக்குத்தான்.

"தட்டும்மா," என்றார்.

அவள் தட்டினாள். சடகோபன் எழுந்து நின்று, "டிங்" என்று வாயால் சொல்லிவிட்டு விண்ணப்பத்தை நீட்டினார். எந்தத் துறை என்று மெதுவாகக் கேட்டார்.

"தருக்கவியல்னு போட்டுக்கோங்க சார்."

"தருக்கத்துல அவ்வளவு ஆர்வமாம்மா?"

"பட்டனுக்குப் பக்கத்துல அதுதான சார் இருக்கு."

மறுநாள் குழு கூடியது. தளம் ஏன் ஜெயித்தது என்று ஆராய்ந்தார்கள். சுவருக்கு வெள்ளை அடித்ததால் என்றார் டேவிட் துரைசிங்கம். வேப்பமர நிழலால் என்றார் மங்களேஸ்வரி. உச்சியில் தான் இருந்ததால் என்றார் துணைவேந்தர், அதுவே தீர்மானமாக எழுதப்பட்டது. மாணவர் பிரதிநிதியாக இசக்கிப்ரியாவும் வந்திருந்தாள். டீ வந்தது. இப்போது அவள்தான் எல்லாருக்கும் ஜூனியர், ஆகவே கடைசி டம்ளர் அவளுக்கு. சடகோபனுக்கு அதற்கு முந்தின டம்ளர். தொட்டுப் பார்த்தார், லேசாக வெதுவெதுப்பு இருந்தது. மனுஷன் அந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

அந்த வாரமே சாரல் பிடித்துக்கொண்டது. தாள் நனைந்து தொங்கியது. குழு அவசரமாக ஓடிவந்து தளத்தை முழுவதும் உரித்து, ஹாஸ்டல் மாடியில் துணி காயப்போடுகிற கொடியில், தகரக் கூரைக்கு அடியில், வரிசை மாறாமல் கிளிப் போட்டு மாட்டியது.

மழை விட்டதும் ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. எடுத்தது சடகோபன். பேசியது ஒரு அம்மா.

"ஐயா, எம் மகனைத் தருக்கவியல்ல சேக்கணும். அங்க படிக்கிற சுரண்டைப் பிள்ளை ரொம்ப உசத்தியாச் சொல்லிச்சு. ஆனா உங்க வெப்சைட் வரவே மாட்டேங்குதே."

சடகோபன் லைனை விடாமல் ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினார். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கொடியின் கடைசி வரை போய்விட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா," என்றார். "துணைவேந்தர் காஞ்சுட்டாரு. பதிவாளருக்குக் கை மட்டும் ஈரமா இருக்கு. உங்க பட்டன் நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மொறுமொறுன்னு ஆயிரும்."