மாவுக்கட்டுக்குள் இருந்த கை

வேலூரில் எஸ்தர் என்றொரு பளு தூக்கும் வீராங்கனை இருந்தாள். போட்டிகளை விட்ட பிறகு அவள் ஓர் உடற்பயிற்சிக்கூடம் நடத்தினாள். அவளிடம் பயிற்சியாளர் வேலை கற்க வந்தவர் வேதகிரி. ஐம்பதைத் தாண்டியவர். தோல் தொழிற்சாலை வேலை போன பிறகு வந்தவர். தன்னைவிட இளையவளை 'மாஸ்டர்' என்று கூப்பிட அவருக்குக் கூச்சமில்லை. இந்த வயதில் படிப்பது உள்ளே இறங்குகிறதா என்பதுதான் அவருடைய ஓயாத சந்தேகம்.

ஒரு காலையில் பூங்காவனம் என்பவள் தன் மகள் ரேணுவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். மகளுக்குக் கால்கள் விளங்காது. தாயின் இடது முன்கையில் மாவுக்கட்டு.

"படியில வழுக்கிட்டேன் சார். நல்லவேளை, அப்ப இவ என் கையில இல்ல. எங்க வீடு ரெண்டாவது மாடி. தினமும் இவளைத் தூக்கிட்டு இறங்கி ஸ்கூல் வேன்ல ஏத்தணும். கட்டைப் பிரிக்கும்போது கை துவண்டு போயிருந்தா என்ன பண்ணுவேன்?"

"இப்ப யாரும்மா இறக்கிவிடறாங்க?"

"எதிர்வீட்டு மாமா" என்றாள் ரேணு. "சிலிண்டர் மாதிரி தோள்ல போட்டுக்குறாரு. அப்படியெல்லாம் நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்."

வேதகிரி யோசித்தார். "கட்டைப் பிரிச்சதும் வாங்கம்மா. அதுவரைக்கும் ஓய்வுதான்."

பூங்காவனம் நாற்காலியைத் திருப்பினாள். உள்ளேயிருந்து எஸ்தரின் குரல் வந்தது.

"வலது கையைப் பத்தி டாக்டர் என்ன சொன்னாரு?"

"அது நல்லாத்தானே இருக்கு மேடம். அதைப் பத்தி அவரு எதுக்குப் பேசப் போறாரு?"

"கேட்டுட்டு வாங்க. சரின்னா நாளைக்கே ஆரம்பிப்போம்."

அவர்கள் போனதும் வேதகிரி கேட்டார். "உடைஞ்சது இடது கை மாஸ்டர். வலது கைக்குப் பயிற்சி கொடுத்தா வலதுதானே பலமாகும்?"

எஸ்தர் அவரை உட்காரவைத்து, கைப்பிடிக்குப் பயிற்சி தரும் ஸ்பிரிங்கை அவருடைய வலது கையில் வைத்தாள்.

"அழுத்துங்க."

அழுத்தினார்.

"இன்னும்."

கழுத்து நரம்பு புடைத்தது.

"இப்ப இடது கையைப் பாருங்க."

மடிமேல் கிடந்த இடது கை, அவரைக் கேட்காமலே இறுக மூடியிருந்தது.

"யார் மூடச் சொன்னா?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போனாள்.

டாக்டர் சம்மதித்தார். வேதகிரி பூங்காவனத்தின் வலது கைக்குக் குறைந்த எடையில் தொடங்கினார். கை பழகப் பழக எடையைக் கூட்டினார். இடையிடையே ஓய்வு நாள் விட்டார். ஆனால் அவர் மனம் அதில் ஒட்டவில்லை. மகளைத் தூக்க வழி கேட்டு வந்தவளுக்கு வெறும் ஆறுதலைக் கொடுத்து அனுப்புகிறோமோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் எடை கொஞ்சம் கனமாக இருந்தது. பூங்காவனம் பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையை மடக்கினாள். அப்போது வேதகிரி அதைப் பார்த்தார். மாவுக்கட்டின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த இடது விரல்கள் மெல்ல உள்நோக்கி வளைந்தன. எடை இறங்கியதும் விரிந்தன. எடை ஏறியதும் மறுபடி வளைந்தன.

"சார், எண்ணுறதை விட்டுட்டீங்க" என்றாள் ரேணு. "அம்மா கணக்குல சேராமலே தூக்கிட்டு இருக்காங்க."

கட்டைப் பிரித்த மறுநாள் பூங்காவனம் வந்தாள். கை வெளுத்து, தோல் உரிந்து, சற்று இளைத்திருந்தது.

"பிடிச்சுப் பார்க்கலாம்னாரு டாக்டர். தூக்குறதுக்குக் கொஞ்ச நாள் போகணுமாம்."

"அப்ப சாரோட விரலைப் பிடிங்க" என்றாள் எஸ்தர்.

வேதகிரி கைக்குழந்தைக்கு நீட்டுவதுபோல இரண்டு விரல்களை நீட்டினார். அவள் மூடினாள். அவர் ஒரு தளர்ந்த பிடியை எதிர்பார்த்திருந்தார். அவருடைய விரலெலும்பு நெரிந்தது. உடம்பு தானாகக் குனிந்தது.

"சார் முட்டி போடுறாரு" என்று ரேணு சிரித்தாள்.

பிறகு இடது கைக்கும் எடை கொடுத்தார்கள். வகுப்புக்கு வருமுன்பே பாடத்தைப் படித்துவிட்ட பிள்ளையைப் போல அது விறுவிறுவென்று முன்னேறியது.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று எஸ்தரும் வேதகிரியும் அந்த வீட்டு மாடிப்படியின் கீழே நின்றார்கள். பூங்காவனம் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ரேணுவின் முழங்கால்களுக்கு அடியில் இடது கை. திருப்பத்தில் ஒருமுறை நின்றாள், மூச்சு விட்டாள், மறுபடி இறங்கினாள். கை நடுங்கவில்லை. ரேணு தாயின் தோளுக்கு மேலாக எதிர்வீட்டு மாமாவுக்கு டாட்டா காட்டினாள்.

வேன் கிளம்பியது. வேதகிரி எஸ்தர் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், மாவுக்கட்டோட இருந்தப்ப நான் அந்தக் கையைத் தொடக்கூட இல்லையே. அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அவங்க இறங்கும்போது நீங்க எதையாவது தூக்கிட்டு இருந்தீங்களா?"

"இல்லையே."

"உங்க கையைப் பாருங்க."

வேதகிரி குனிந்து பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் இறுக மூடியிருந்தன. வேன் தெருமுனை திரும்பிய பிறகும் அவை திறக்கவில்லை.